இரண்டுங்கெட்டான் வயசுக்கு ஒரு புதையல் வேட்டை: மதுரையில் ஐயாயிரத்துக்குள் எங்கே, எப்படி?

மகளுக்குப் பதினொரு வயது ஆகப்போகிறது என்றதும், நவம்பரிலேயே நிபந்தனை போட்டுவிட்டாள். "பலூன் வேண்டாம், மேஜிக் ஷோ வேண்டாம், பாட்டுப் போட்டு எல்லாரையும் ஆடச் சொல்ல வேண்டாம். ட்ரெஷர் ஹன்ட் வை. ஆனா நீ பின்னாடியே வரக்கூடாது."

அந்தக் கடைசி வரிதான் விஷயமே. பத்திலிருந்து பன்னிரண்டு வரை இரண்டுங்கெட்டான் வயசு. ஃப்ரிட்ஜுக்குள் சாக்லேட்டை ஒளித்து வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னால், "நாங்க என்ன யு.கே.ஜி.யா?" என்பார்கள். அதற்காகத் தனியாகக் கடைவீதிக்கு அனுப்பவும் நமக்கு மனசு வராது. பெரியவர் கண்ணில் படாமல் ஓட வேண்டும், ஆனால் தொலைந்துபோகக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் எது என்பதுதான் கேள்வி. மற்ற எல்லாம், காசு உட்பட, அதற்குப் பிறகுதான்.

எங்கள் கணக்கு இது. குழந்தைகள் பன்னிரண்டு பேர். பெரியவர்கள் நானும் கணவரும் மாமியாரும். அரையாண்டு விடுமுறை, அதாவது டிசம்பர் கடைசி, மார்கழி. கையில் ஐயாயிரம் ரூபாய். மிச்சம் பிடித்தால் நல்லது. இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்த்தோம்.

சீக்கிரம் அடிபட்டவை

முதலில் மால். விளையாட்டுக் கூடங்களில் பிறந்தநாள் பேக்கேஜ் உண்டு. ஓர் இடத்தில் விசாரித்தபோது தலைக்கு 650 ரூபாய் சொன்னார்கள், கேக் தனி. பன்னிரண்டு பேருக்கு 7,800. காசை விடுங்கள், இரண்டு வருடம் முன்பு இதேபோல் ஓர் இடத்தில் வைத்த அனுபவம் ஒன்று இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் என்று சொல்லி, ஒரு மணி பத்து நிமிடத்திலேயே அடுத்த பார்ட்டிக்காரர்களை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். மெழுகுவத்தி அணைக்கும்போது பின்னால் ஒரு பையன் துடைப்பத்தோடு காத்திருந்தான். போட்டோவில் அவனும் இருக்கிறான்.

அடுத்தது இணையத்தில் விற்கும் ரெடிமேட் தாள்கள். முந்நூறு, நானூறு ரூபாய்க்கு டவுன்லோடு செய்து அச்சடித்துக்கொள்ளலாம். படம் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது குறிப்பே ஃபயர்பிளேஸைப் பார்க்கச் சொல்கிறது, அடுத்தது துணி உலர்த்தும் மெஷினுக்குள் தேடச் சொல்கிறது, அதற்கடுத்தது வாசலில் இருக்கும் தபால் பெட்டியை. மதுரையில் ஃபயர்பிளேஸுக்கு எங்கே போவது? குறிப்பு நம் வீட்டுக்காகவே எழுதியதாக இருந்தால்தான் விளையாட்டு. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அதிர்ஷ்டவசமாக வாங்கத் தேவையும் இல்லை.

வண்டியூர் தெப்பக்குளத்தைத் தோழி ஒருத்தி சொன்னாள். மாலையில் காற்றும், சுற்றிலும் தின்பண்டக் கடைகளும், திருமலை நாயக்கர் வெட்டிய குளம் என்ற கதையும், முக்குறுணிப் பிள்ளையார் அங்கே மண்ணுக்கடியில் கிடைத்தார் என்ற கதையும் இருப்பதால் குறிப்பு எழுதுவதற்குக் குறையே இல்லை. ஆனால் நாலு பக்கமும் ஓயாமல் வண்டி போகும் சாலை, நடுவில் தண்ணீர், கையில் துண்டுச்சீட்டோடு தலையைக் குனிந்துகொண்டு ஓடும் பன்னிரண்டு பேர். இதற்கு மேல் யோசிக்கவில்லை.

காந்தி மியூசியமும் நாயக்கர் மகாலும்

காந்தி மியூசியம் செலவில்லாத இடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம். 1959 ஏப்ரலில் நேரு வந்து திறந்துவைத்தார். வெளியே பெரிய மரங்கள், நிழல், அமைதி. பள்ளியிலிருந்து கேள்வித்தாளோடு கூட்டிப்போக அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை.

பிறந்தநாளுக்கு? காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கேதான் இருக்கிறது. அந்த அறையில் பெரியவர்களே குரலைத் தாழ்த்திவிடுவார்கள். அங்கே "ஏய், எங்க டீம் ஜெயிச்சிருச்சு!" என்று ஒருத்தி கத்தினால், அது அவள் தப்பு இல்லை, கூட்டிப்போன நம் தப்பு. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

திருமலை நாயக்கர் மகால் இன்னும் ஆசை காட்டியது. 1636-இல் கட்டியது, இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். அந்தத் தூண்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு குழந்தைகள் தாராளமாக ஒளியலாம். டிக்கெட் விலையும் பெரிதில்லை. ஆனால் பாதுகாக்கப்பட்ட இடத்தில் எதையும் ஒளித்துவைக்க முடியாது, ஒட்ட முடியாது, வைக்கவும் கூடாது. ஏற்கெனவே எவன் எவனோ தன் பெயரையும் காதலி பெயரையும் கீறி வைத்திருக்கிறான், நாம் வேறா? அதனால் அங்கே "பார்த்துக் கண்டுபிடி" வகை மட்டும்தான் முடியும்: இந்த யாளி எங்கே, இந்தப் பூ வேலை எத்தனை இடத்தில் என்று.

அப்புறம் ஒரு மறைமுகச் செலவு. பன்னிரண்டு பேரையும் எங்கள் வீட்டிலிருந்து அங்கே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேனுக்கு 1,800 கேட்டார்கள். டிக்கெட் மலிவாக இருக்கும் இடத்துக்கெல்லாம் இதே கதைதான். இலவசம் என்று கிளம்பினால் போக்குவரத்து, வெளியே சாப்பாடு, தண்ணீர் பாட்டில் என்று மாலுக்குப் பாதித் தொலைவு போய்விடுகிறது.

ஆசை விடாத ஒன்று: சித்திரை வீதி

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகள்தான். அங்கே வண்டிகளை விடுவதில்லை. மதுரையில் பதினொரு வயதுப் பிள்ளை சாலையின் நடுவில் நடக்கலாம் என்றால் அது அங்கே மட்டும்தான். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, அங்கே ஓடி விளையாடுவதும் முறையில்லை. அதனால் வேட்டை முழுக்க வெளி வீதியிலேயே.

குறிப்பு எழுத உட்கார்ந்தால் இந்த ஊர் தானாக வந்து கையில் விழுகிறது. வீதிகளுக்கே மாதப் பெயர்: உள்ளேயிருந்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி. நான் எழுதிப் பார்த்த சில:

"தலை நிறைய பொம்மை இருக்கு, பேரு மட்டும் மொட்டை." வடக்குக் கோபுரம். வெகுகாலம் சுதைச் சிற்பம் இல்லாமல் நின்றதால் வந்த பெயர். சிற்பம் வந்த பிறகும் பெயர் போகவில்லை.

"கொள்ளுத் தாத்தாவுக்கும் கொள்ளுத் தாத்தா, இன்னும் என்னை 'புது' என்கிறார்கள்." புது மண்டபம், பதினேழாம் நூற்றாண்டு.

"அரண்மனையை விட்டு ஓடிவந்த பத்துப் பேர், ஜவுளிக்கடைச் சந்தில் வரிசையாக நிற்கிறார்கள்." பத்துத்தூண் சந்து. இது மட்டும் சித்திரை வீதிக்கு வெளியே, விளக்குத்தூண் பக்கம். வண்டி, தள்ளுவண்டி, துணி மூட்டை என்று நெருக்கியடிக்கும் இடம் என்பதால் பெரியவர் கூட வந்தே தீர வேண்டும்.

இவ்வளவு எழுதியும் ஏன் விட்டோம்? டிசம்பர். ஐயப்ப பக்தர்கள் ஊர் ஊராக வந்து இறங்கும் மாதம். கறுப்பு வேட்டிக் கடலுக்குள் நாலு நாலு பேராகக் குழந்தைகளை அனுப்பினால், புதையலை விட்டுவிட்டுக் குழந்தைகளைத்தான் தேட வேண்டியிருக்கும். இன்னொன்று, ஒரு அணிக்கு ஒரு பெரியவர் வேண்டும். எங்களிடம் ஓடக்கூடிய பெரியவர்கள் இரண்டு பேர்தான். மாமியார் ஓடமாட்டார், ஓட்டுவார்.

உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் ஜூலை, ஆகஸ்டில் வந்து, அழைப்பது நாலைந்து பேராக இருந்தால், நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். காலை ஏழு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறும் முன் முடித்து, அங்கேயே இட்லி சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பலாம். செலவு ஆயிரத்தைத் தாண்டாது.

கடைசியில்: எங்கள் தெரு

ஆறு பேருக்கு மேல் போனால் சொந்தத் தெருதான். இதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. எங்களுடையது முட்டுச்சந்து. இருபது வீடு, ஒரு வேப்பமரம், அதன் அடியில் ஒரு பிள்ளையார், முனையில் ஒரு பெட்டிக்கடை, ஓர் இஸ்திரி வண்டி. முட்டுச்சந்தில் வீடு வாங்கியதற்கு என் அப்பா பத்து வருடமாகக் குறை சொல்கிறார். அன்று ஒருநாள் மட்டும் அது கோட்டை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம் என்று நினைப்போம். பாதி உண்மை. கேட், செக்யூரிட்டி எல்லாம் சரி. ஆனால் லிஃப்டில் ஏறி இறங்கி விளையாடுவார்கள், மொட்டை மாடிக்கு ஓடுவார்கள், அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் மாலை ஐந்து மணிக்கே புகார் வரும். மாடிக்கதவைப் பூட்டிவிட்டு, "லிஃப்டில் ஏறினால் ஐந்து நிமிட அபராதம்" என்று ஒரு விதி போட்டால் சமாளிக்கலாம்.

தெருவில் என்ன லாபம் என்றால், பெரியவர்கள் பின்னாலேயே ஓட வேண்டியதில்லை. ஆங்காங்கே நின்றால் போதும். அதுவும் நாமே நிற்க வேண்டியதில்லை. பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் உறைகளைக் கொடுத்து, "ரகசிய வார்த்தை சொன்னாத்தான் கொடுக்கணும் அண்ணாச்சி" என்றேன். அவர் பெரிய பொறுப்பு வந்ததுபோல, "என்ன வார்த்தைம்மா?" என்று கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார். மகள் கேட்டபடி நான் பின்னாலேயே போகவில்லை. ஆனால் ஒவ்வொரு ஐம்பது அடிக்கும் அவளைத் தெரிந்த ஒருவர் இருந்தார்.

பட்டியலா, சங்கிலியா, போட்டோவா?

இடம் முடிவானதும் அடுத்த சண்டை இது. மூன்று வகை உண்டு.

பட்டியல் வகையில் எல்லா அணிக்கும் ஒரே பட்டியல். குறிப்பிட்ட நேரத்துக்குள் யார் அதிகம் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. தயாரிப்பு வேலை அரை மணி நேரம்தான். "பிறந்த வருடம் பொறித்த நாணயம், மூன்று வகை இலை, இன்றைய தேதி போட்ட பஸ் டிக்கெட், ஐந்து வேப்பங்கொட்டை" என்று எழுதினால் முடிந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக் கதவை எல்லாம் தட்டுவார்கள். போன வருடம் ஓர் உறவினர் வீட்டில் இதே டிசம்பரில் பட்டியல் எழுதியவர் "பத்து மல்லிகைப் பூ" என்று போட்டுவிட்டார். மார்கழிப் பனியில் மல்லி வரத்துக் குறைந்து விலை எங்கேயோ நிற்கும் நேரம். பிள்ளைகள் நேராகப் போய் எதிர்வீட்டு அக்கா தலையிலிருந்தே கேட்டிருக்கிறார்கள். அவர் கொடுத்தும் விட்டார்; மனசு வராமல்தான்.

போட்டோ வகையில் பொருளைக் கொண்டுவர வேண்டாம், படம் எடுத்தால் போதும். மகால், சித்திரை வீதி போன்ற இடத்துக்கு இதுதான் பொருத்தம். ஆனால் அணிக்கு ஒரு செல்போன் வேண்டும். சிம் இல்லாத பழைய போன் மூன்று இருந்தால் சரி. இல்லை, அப்பாவுடைய போன்தான் என்றால் பத்தாவது நிமிடம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சங்கிலி வகைதான் குழந்தைகள் மனதில் இருக்கும் உண்மையான புதையல் வேட்டை. ஒரு குறிப்பு அடுத்த இடத்தைச் சொல்லும், அங்கே இன்னொரு குறிப்பு, கடைசியில் பெட்டி. வேலை அதிகம், ஆனால் செலவு இல்லை. இதில் எல்லாரும் செய்கிற தப்பு, ஒரே சங்கிலியை எல்லா அணிக்கும் கொடுப்பது. முதல் அணி கண்டுபிடித்த இடத்துக்கு மற்ற இரண்டும் பின்னால் ஓடும், அவ்வளவுதான் விளையாட்டு. மூன்று அணிக்கு மூன்று தனிச் சங்கிலி எழுதுவதும் தலைவலி.

இதற்கு ஒரு சுலப வழி இருக்கிறது. ஆறு இடங்களை வட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் அணி ஒன்றாம் இடத்தில் தொடங்கட்டும், இரண்டாவது அணி மூன்றில், மூன்றாவது அணி ஐந்தில். எல்லாரும் ஒரே திசையில் சுற்றுவார்கள், ஆனால் ஒருவர் முதுகை ஒருவர் பார்க்க மாட்டார்கள். குறிப்பு ஆறு எழுதினால் போதும், ஒவ்வொன்றும் மூன்று பிரதி. அவரவர் சுற்றை முடிக்கும் இடத்தில் மட்டும் கடைசி உறை. ஆரம்பத்தில் கையில் கொடுப்பதையும் சேர்த்து மொத்தம் 21 உறை. மஞ்சள், பச்சை, ரோஸ் என்று அணிக்கொரு நிறம். "அடுத்தவர் நிறத்தைத் தொட்டால் இரண்டு நிமிடம் சிலை" என்ற விதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குறிப்பு எழுதுவது

கணவர் எழுதிய முதல் குறிப்பு: "தண்ணீர் ஏற்றும் இயந்திரம் இருக்கும் அறைக்குச் செல்லவும்." இது குறிப்பு இல்லை, நோட்டீஸ். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "குடிக்கிறது கீழே, துப்புறது மேலே" என்றார். அப்படியே எழுதிக்கொண்டோம். மேல்நிலைத் தொட்டிக்கு, "கறுப்புச் சட்டைக்காரன், மாடியிலே குடியிருப்பு, வயிறு நிறைஞ்சா தெருவுக்கே தெரியும்." விடுகதை கேட்டு வளர்ந்த ஒருவர் வீட்டில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் குறிப்பை வாசல் கோலத்தில் வைத்தோம். மார்கழியில் தெரு முழுக்கக் கோலம் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. புள்ளிகளுக்குப் பதிலாக எழுத்துகள். எந்த எழுத்துகளைக் கோடு இணைக்கிறதோ அவற்றை வரிசையாகப் படித்தால் அணித்தலைவர் யாரிடம் போய் உறை கேட்க வேண்டும் என்பது வரும். நடுவில் பூசணிப்பூ. பூவை எடுத்துப் பார்த்து, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று சாணியைக் கிளறியவர்களும் உண்டு.

இஸ்திரி வண்டிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். குறிப்பு: "வயித்துல நெருப்பு, தெருவுல பாதிப் பேர் சட்டை எங்கிட்ட." ஓடி வந்து உறையைப் பிரித்தால் உள்ளே வெற்றுத்தாள். எலுமிச்சைச் சாற்றில் பட்ஸைத் தொட்டு முந்தின நாள் எழுதிக் காயவைத்தது. உறையின் மூலையில் "மோந்து பார்" என்று மட்டும் இருக்கும். மோந்து பார்த்து, எலுமிச்சை என்று புரிந்து, அறிவியல் பாடம் ஞாபகம் வந்து, சூடு வேண்டும் என்று உறைத்து, யாரிடம் சூடு இருக்கிறது என்று தலையைத் தூக்கினால், எதிரே கரிப்பெட்டியோடு இஸ்திரி அண்ணன் சிரித்துக்கொண்டு நிற்பார். தாளை வாங்கி ஒரு பழைய துணிக்கு மேல் வைத்து ஒரே இழுப்பு. பழுப்பு நிறத்தில் எழுத்து மேலே வரும்போது மூன்று அணியும் தனித்தனியாகப் போட்ட கூச்சல் மாடி வரை கேட்டது. சூடான பெட்டியைக் குழந்தைகள் தொட வேண்டியதே இல்லை என்பது இதில் இன்னொரு நிம்மதி.

எரிந்த வாசனை வேண்டாம் என்பவர்களுக்கு வேறொரு வழி. ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து எழுதிக் காயவையுங்கள். மஞ்சள்தூளைச் சானிடைசரில் குழைத்துத் தாளின் மேல் பூசினால், எழுத்து மட்டும் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவக்கிற அதே சங்கதிதான். கொஞ்சம் மங்கலாக வரும், டிரஸ்ஸிலும் படும்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. உறையை மைதா பசையால் ஒட்டாதீர்கள். வேப்பமரத்துக்குப் பின்னால் முந்தின நாள் மாலையே பசை தடவி மூன்று உறையை ஒட்டிவிட்டு வந்தேன். இருட்டும் நேரத்தில் போய்ப் பார்த்தால், சினிமா போஸ்டர் தின்று வளர்ந்த தெரு மாடு ஒன்று ரோஸ் உறையின் கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தது. இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுபடி எழுதினோம். பயத்தில் எல்லா இடத்துக்கும் உபரியாக ஒவ்வோர் உறை தயார் செய்து, அந்தந்த இடத்துக்காரர் கையில் கொடுத்து வைத்தோம்.

மொழி ஒரு பிரச்சினை. பன்னிரண்டு பேரில் நான்கு பேர் பள்ளியில் இந்தி எடுத்தவர்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் திணறுவார்கள். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதலாமே என்றார் கணவர். எழுதினால் "குடிக்கிறது கீழே" செத்துப்போகும். அதனால் ஒவ்வோர் அணியிலும் நன்றாகத் தமிழ் வாசிக்கும் இரண்டு பேராவது இருக்கும்படி நாங்களே பிரித்தோம். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் காட்டிக்கொண்டோம்.

கணக்கு

உள்ளூர் பேக்கரியில் ஒரு கிலோ கேக் 800. குழிப்பணியாரம், பஜ்ஜி, பன் பட்டர் ஜாம், எலுமிச்சை ஜூஸ் எல்லாம் சேர்த்து 1,250. உறை, தாள், ஜெராக்ஸ், ஸ்கெட்ச் பேனா 210. எண் பூட்டு 140. தோரணத்துக்கும் வண்ணக் காகிதத்துக்கும் 150. புதையல் 900. ஆக 3,450.

இதில் மிச்சம் பிடித்தது ரிட்டர்ன் கிஃப்டில்தான். இப்போதெல்லாம் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளை கையை வீசிக்கொண்டு போனால் நமக்குக் குற்ற உணர்வு. அதையே புதையலாக்கிவிட்டால் இரண்டு செலவு ஒன்றாகிறது. ஆளுக்கு ஒரு சின்னத் துணிப்பை, 75 ரூபாய்க்குள்: கோவில்பட்டி கடலைமிட்டாய், தேன்மிட்டாய், கமர்கட், எலந்தவடை, ஒரு குட்டி பம்பரம். பிளாஸ்டிக் பென்சில் பாக்ஸை விட இது மலிவு, வீட்டுக்குப் போகும் முன்பே பாதி தீர்ந்துபோகும் என்பதால் யார் வீட்டிலும் அடைசலும் சேராது.

நேரத்தைப் பொறுத்தவரை, டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மூன்றரைக்குத் தொடங்கினோம். கோலத்திலிருந்து பெட்டி வரை ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கேக்கை முதலில் வெட்டாதீர்கள். வயிறு நிறைந்த குழந்தை ஓடாது.

யார் ஜெயிப்பது?

இந்த வயதில் தோற்ற அணி அழாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அழுகையே தேவலை. பரிசு ஒன்று வைத்தால் ஜெயித்த நாலு பேர் தவிர எட்டுப் பேருக்கு மாலை கெட்டுப்போகிறது. அதனால் முடிவை மட்டும் மாற்றினோம். புதையல் ஒரு பழைய டிரங்குப் பெட்டி, மூன்று இலக்க எண் பூட்டு போட்டது. ஒவ்வோர் அணியின் கடைசி உறையிலும் ஓர் இலக்கம் மட்டும். மூன்று அணியும் வந்து சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். முதலில் வந்தவர்களுக்குக் கேக்கில் முதல் துண்டு. அதுவே போதுமான பெருமையாக இருந்தது.

இலக்கங்களைத் தமிழ் எண்ணில் எழுதியிருந்தேன்: ௭, ௨, ௮. மூன்று அணியும் தாளை ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, எ, உ, அ என்று வாசித்தார்கள். வார்த்தையைத் தேடும் படலம் தொடங்கியது. "உஅஎ?" "அஉஎ?" "ஏதாவது பேரோட இனிஷியலா?" நன்றாகத் தமிழ் வாசிக்கும் பிள்ளைகள்தான் அதிகமாகக் குழம்பினார்கள். என் மகள் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பத்து நிமிடம் போயிற்று. நான் வாயைத் திறக்கப் போனேன். மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கண்டுபிடித்தவன் இந்தி எடுத்த பையன். விதித்தாளின் பின்பக்கத்தில் அலங்காரம்போல ஓரத்தில் தமிழ் எண்களையும் சாதாரண எண்களையும் இரண்டு வரிசையாக அச்சடித்திருந்தோம், யாரும் திருப்பியே பார்க்கவில்லை. அவனுக்கு அது எ-வும் இல்லை, உ-வும் இல்லை, வெறும் உருவம். தாளைத் திருப்பி ஒவ்வோர் உருவமாக ஒப்பிட்டு, "செவன், டூ, எய்ட்" என்றான். பூட்டு கிளிக் என்றது. அதற்கப்புறம் அரை மணி நேரம் அவன்தான் அந்தத் தெருவின் ராஜா.

மறுநாள் காலை இஸ்திரி அண்ணன் துணி மூட்டையோடு நான் கொடுத்து வைத்திருந்த உபரி உறையையும் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே இருந்த வெற்றுத்தாளையும் தேய்த்து, எழுத்தை வரவழைத்து, நாலாக மடித்து வைத்திருந்தார்.